எக்கர், அடும்பு, கானல்: கடற்கரை மணல்மேட்டுத் தாவரங்களும் அவற்றின் பெயர் வரலாறும்

முன்னுரை

இந்திய அரசு 2011இல் வெளியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, அலையாத்திக் காடுகள், பவளப் பாறைகள், ஆமைகள் முட்டையிடும் இடங்கள் ஆகியவற்றோடு கடற்கரை மணல்மேடுகளையும் முதல் வகைப் பாதுகாப்புப் பகுதியில் சேர்த்தது. 2019ஆம் ஆண்டு அறிவிக்கையும் இதனை அவ்வாறே கொண்டுள்ளது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சுட்டப்படும் இந்நிலவடிவம் தமிழில் மணற்குன்று, மணல்மேடு, மணல்திட்டு என்று பலவாறு பெயர்க்கப்படுகிறது. மலையாளத்தில் மணல்க்கூன, மணல்த்திட்ட என்னும் சொற்கள் வழங்குகின்றன. இவை யாவும் மணலின் உயரத்தையே பொருளாகக் கொண்டவை.

ஆனால் திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரையில் எஞ்சியுள்ள முன்வரிசை மணல்மேடுகள் பெரும்பாலும் தாழ்வானவை. கொடி படர்ந்த இம்மணலைக் குன்று என்று யாரும் கருதுவதில்லை. எனவே குன்று என்னும் சொல்லைக் கேட்கும் ஊர்மக்களுக்கு, தம் காலடியிலுள்ள மணல் சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியது என்பது தோன்றாமற் போகக்கூடும். பழந்தமிழில் இதற்கு உயரத்தைப் பொருளாகக் கொள்ளாத ஒரு சொல் இருந்தது. எக்கர் என்பதே அது. உரையாசிரியர் இதற்கு இடுமணல் என்று பொருள் கூறுவர். அலையும் காற்றும் கொண்டுவந்து இட்ட மணல் என்பது கருத்து. குன்று வடிவத்தைச் சுட்டுகிறது. எக்கர் நிகழ்வைச் சுட்டுகிறது.

மணல்மேட்டில் தாவரக் குழுமங்கள் எவ்வாறு நிலைகொண்டு மாறுகின்றன என்பதையும், அத்தாவரங்களின் பெயர்கள் தமிழிலும் மலையாளத்திலும் கடந்துவந்த வரலாற்றையும் ஒருசேர நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். வளரும் இடத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட தாவரப் பெயர் பாதிப் பெயரே என்பது இங்கு நிறுவப்படுகிறது.

மணலில் செடி நிலைகொள்ளும் முறை

கேரளக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் சூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் உயர்ந்த அலைகள் கரைமணலை அரித்துக் கடலுக்குள் கொண்டு செல்கின்றன. அதன்பின் அமைதியான அலைகள் அம்மணலின் பெரும்பகுதியைத் திரும்பக் கரையில் சேர்க்கின்றன. அலை எட்டும் கடைசி எல்லையில் சருகும் நெற்றும் விதைகளும் ஒதுங்குகின்றன. மணலில் தாவர வாழ்வு தொடங்குமிடம் இதுவே. இங்கு நன்னீர் அரிது. உப்புத் துளிகள் காற்றோடு வீசும். நண்பகலில் மணல் கொதிக்கும். வேர்விட்ட செடியும் ஒரே இரவில் மணலில் புதையுண்டு போகலாம்.

இவ்விடத்திற்கேற்ற முதற்செடி அடும்பு. தாவரவியலார் இதனை இப்போமியா பெஸ்-காப்ரே என்பர். இதன் விதை கடல்நீரில் மிதந்து நெடுந்தொலைவு செல்ல வல்லது. விதையின் கடினமான உறை மணலில் உராய்ந்து தேய்ந்த பின்னரே நீர் உட்புகுந்து முளை வெளிப்படும். கொடி தரையோடு ஓடிக் கணுதோறும் வேரூன்றும். மணல் மூடினால் மூடிய இடத்திலிருந்தே புதிய கிளை மேலெழும். ஏனைய செடிகளைக் கொல்லும் மணல் அடும்பை வளர்க்கிறது எனலாம்.

இதனோடு சேர்ந்து வளரும் புல் இராவணன் மீசை. ஸ்பினிபெக்ஸ் லிட்டோரியஸ் என்னும் அறிவியற்பெயருடைய இது மலையாளத்தில் எலிமுள்ளு எனவும் வழங்கும். ஆண்செடியும் பெண்செடியும் தனித்தனியே வளரும். பெண்செடியின் முட்கதிர் பந்துபோல் திரண்டு, முதிர்ந்ததும் ஒடிந்து, காற்றில் உருண்டு கரைநெடுகச் செல்லும்; தடைப்பட்டு மணலில் தங்குமிடத்தில் விதை முளைக்கும். கொடியும் புல்லும் காற்றின் வேகத்தைக் குறைக்க, காற்று சுமந்துவரும் மணல் அங்கேயே விழுகிறது. மணல் உயர உயரச் செடியும் உயர்கிறது. ஆகவே மணல்மேடு என்பது செடி வளரும் மேடையன்று. செடியும் மணலும் சேர்ந்து எழுப்பும் கட்டுமானம்.

இம்முன்வரிசை காற்றையும் உப்பையும் தடுத்த பின்னரே அதன் பின்புறத்தில் நீர்நொச்சி, சங்கங்குப்பி போன்ற புதர்களும், தாங்குவேர்களை ஊன்றி நிற்கும் தாழையும், அதற்கும் உள்ளே புன்னையும் இடம்பெறுகின்றன. சருகு மக்கி மணலுக்கு ஈரத்தைத் தாங்கும் ஆற்றல் கூடுகிறது. ஆனால் நிழல் பரவிப் புதுமணல் வருவது நின்றதும் அடும்பு அங்கே நலிகிறது. தான் உண்டாக்கிய நிலத்திலேயே தான் வாழமுடியாமற் போவது முன்னோடிச் செடியின் இயல்பாகும்.

சங்கப் பாடல்கள் காட்டும் வரிசை

நெய்தல் திணைப் பாடல்கள் தாவரவியல் நூல்கள் அல்ல. ஒரே பாடலில் கடற்கரைச் செடிகள் அனைத்தும் வரிசைப்படுத்தப்படுவதும் இல்லை. ஆயினும் ஒவ்வொரு செடியும் எந்த இடச்சொல்லோடு இணைந்து வருகிறது என்று தொகுத்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும்.

அடும்பு திறந்த மணலில் வருகிறது. அகநானூற்றின் 80ஆம் பாடலில் தலைவனது தேரின் சக்கரம் அடும்பின் கொடியை அறுத்துச் செல்கிறது. 160ஆம் பாடலில் ஆமை அடும்புக்கொடியைச் சிதைத்து, குவிந்த வெண்மணலின் பக்கத்தில் முட்டையிட்டுப் புதைக்கிறது. கடலாமைகள் அலை எட்டாத மணலைத் தேடி, கொடி தொடங்கும் எல்லையை ஒட்டி முட்டையிடுவதை இன்றைய உயிரியலாரும் கூறுவர். புலவர் காட்டிய இடம் துல்லியமானது.

ஞாழல் எக்கரோடு இணைந்தது. ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியை இயற்றிய அம்மூவனார் ஞாழலுக்கு ஒரு பத்தினை ஒதுக்கியுள்ளார். அப்பத்தின் பாடல்கள் எக்கரையும் ஞாழலையும் சேர்த்தே தொடங்குகின்றன. அதே பகுதியில் மேலைக் கடற்கரையின் சேரர் துறைமுகமான தொண்டிக்கும் ஒரு பத்து உண்டு. இப்பாடல்கள் சுட்டும் கடற்கரையில் இன்றைய கேரளக் கரையும் அடங்கும் என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

தாழை அரணாக வருகிறது. வாள்போன்ற விளிம்புடைய அதன் மடல்கள் வேல் நட்டது போன்ற வேலியாவதைக் குறுந்தொகையின் 245ஆம் பாடல் காட்டும். புன்னை கானலுக்கும் ஊர்ப்புறத்திற்கும் உரியது. நற்றிணையின் 172ஆம் பாடலில், விளையாடும் மகளிர் வெண்மணலில் அழுத்தி மறந்துவிட்ட புன்னை விதை முளைக்கிறது. நெய்யும் பாலும் பெய்து வளர்க்கப்படுகிறது. தாய் அம்மரத்தை மகளுக்கு உடன்பிறந்தாள் என்கிறாள். மணலில் புதையுண்ட விதை முளைத்து மரமாதலையும், அதில் மனிதரின் பங்கையும் ஒருங்கே கூறும் அரிய பதிவு இது. கானலுக்கும் அப்பால் கழியில் கண்டலும் நெய்தலும் வருகின்றன.

இவ்வாறு எக்கர், கானல், கழி என்னும் இடச்சொற்கள் கடலிலிருந்து உள்நோக்கி அமைந்த மூன்று தாவரக் குழுமங்களையும் குறிக்கின்றன. எனினும் இப்பட்டியலில் ஒரு குறையும் உண்டு. கரையில் மிகுதியாகக் காணப்படும் முட்புல்லுக்கு இன்று வழங்கும் இராவணன் மீசை என்னும் பெயர் சங்கப் பாடல்களில் இல்லை. மகளிர் பூப்பறித்த அடும்பும், மணம் கமழ்ந்த தாழையும், நிழல் தந்த புன்னையும் அகப்பாடலுக்குப் பயன்பட்டன. காலில் குத்தும் புல் பயன்படவில்லை. இலக்கியச் சொற்றொகுதி ஒரு நிலத்தின் முழுமையான சொற்றொகுதி ஆகாது. மீனவர் வழக்கினைத் தொகுக்காமல் நெய்தலின் அகராதி நிறைவு பெறாது.

மலையாளத்தில் பழந்தமிழ்ப் பெயர்கள்

தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் அருகிய சில நெய்தற் சொற்கள் மலையாளத்தில் இயல்பாக வாழ்கின்றன. அலையாத்தியைக் குறிக்கப் பழந்தமிழில் வழங்கிய கண்டல் என்னும் சொல் மலையாளத்தில் இன்றும் பொதுச்சொல். தாழையின் மறுபெயராகிய கைதை அங்கே கைத என வழங்குகிறது. அடும்பு அங்கே அடம்பு. எக்கர் என்பதற்கு உறவாகக் கொள்ளத்தக்க எக்கல் என்னும் சொல்லும் உண்டு. ஆனால் அது கடற்கரை மணலைக் குறிக்காமல் ஆறு கொண்டுவந்து சேர்க்கும் வண்டலைக் குறிக்கிறது. நீர் இட்டது என்னும் கருத்து நிற்க, இடம் மட்டும் மாறியுள்ளது.

ஊர்ப்பெயர்களிலும் இவ்வழக்கு தொடர்கிறது. வலியதுறை, பூந்துறை, பனத்துறை ஆகிய கடற்கரை ஊர்களில் நெய்தல் நிலத்துத் துறை என்னும் சொல் நிலைத்துள்ளது. ஆற்றின் அல்லது காயலின் முகத்தை மணல் அடைத்தும் மழைக்காலத்தில் வெள்ளம் அதனை உடைத்தும் நிற்கும் இடம் பொழி எனப்படும். முதலப்பொழி, பொழிக்கரை, பொழியூர் என்பன இதனால் அமைந்தவை. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது திருவிதாங்கூரின் தென் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. இன்று மாநில எல்லை பொழியூருக்கும் நீரோடிக்கும் இடையே செல்கிறது. சொற்றொகுப்புப் பணி இவ்வெல்லையில் நின்றுவிடுகிறது; மணலும் அடும்பும் அவ்வாறு நிற்பதில்லை.

ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்: பெயர் கடந்த வழி

மலையாளத் தாவரப் பெயர்களை முதன்முதலில் பெருமளவில் அச்சேற்றிய நூல் ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த ஹென்றிக் வான் ரீடே முன்னின்று தொகுத்த இந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. ஈழவ மருத்துவரான இட்டி அச்சுதனும், கொங்கணி அந்தணர்களான ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் ஆகியோரும் இதற்குச் செய்தி வழங்கினர். மலையாளத்தில் சொல்லப்பட்டவை போர்த்துக்கீசியம் வழியாக இலத்தீனை அடைந்தன.

இதன் 11ஆம் தொகுதியில் அடும்பு, சொவன்ன-அடம்பு என்னும் பெயரில் இடம்பெற்றுள்ளது. மலையாளத்தின் சுவந்ந, அதாவது சிவந்த என்னும் அடையே இலத்தீன் எழுத்தில் இவ்வாறு உருமாறியது. சொல்லிறுதி உகரம் டச்சு எழுத்துமுறைப்படி இரண்டு உயிரெழுத்துகளால் எழுதப்பட்டுள்ளது. அம்முறை அறியாதார் இதனை அடம்போ என்று படிப்பர். அச்செழுத்தின் பின்னுள்ள மொழியை அறிந்தாலன்றி ஒலிபெயர்ப்பு தவறாகும் என்பதற்கு இது எளிய எடுத்துக்காட்டு.

இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. அதே நூலின் 4ஆம் தொகுதி அடம்பு என்னும் பெயரை ஒரு மரத்திற்கு வழங்குகிறது. அது இன்று மலையாளத்தில் மணிமருது எனப்படும் மரம். படத்தையும் விளக்கத்தையும் விட்டுப் பெயரை மட்டும் எடுத்தாள்வோர், உள்நாட்டு மரத்தையும் கடற்கரைக் கொடியையும் ஒன்றாக மயங்க இடமுண்டு. எக்கர் அடும்பு எனச் சங்கப் புலவர் கூறுவது போல இடம் சேர்ந்து நின்றிருப்பின் இம்மயக்கம் எழாது.

ஞாழலின் நிலை இதற்கு நேர்மாறானது. அதன் இடம் எக்கர் என்பதில் ஐயமில்லை. குறுந்தொகையின் 50ஆம் பாடல் அதன் பூ வெண்கடுகு போலச் சிறியது என்கிறது. உரையாசிரியர் புலிநகக்கொன்றை என்று பொருள் கூறினர். ஆயினும் அது எச்செடி என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. அடம்பு என்பதில் பெயர் இருந்தும் இடம் நழுவியது. ஞாழலில் இடம் இருந்தும் செடி நழுவியது.

ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸை இலத்தீனிலிருந்து ஆங்கிலத்தில் முழுமையாக மொழிபெயர்த்தவர் தாவரவியல் அறிஞர் கே.எஸ். மணிலால். திருவனந்தபுரத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகம் இதனை 2003இலும், மலையாளப் பதிப்பை 2008இலும் வெளியிட்டது. மலையாளத்தில் சொல்லப்பட்ட செய்திகள் ஐரோப்பிய மொழிகள் வழியாக மலையாளத்தை மீண்டும் அடைய மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாயின. தமிழ்ப் பேரகராதியின் ஆசிரியராக விளங்கிய எஸ். வையாபுரிப்பிள்ளை பின்னர்த் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றியதும், வ.அய். சுப்பிரமணியம் 1962இல் புறநானூற்றுச் சொல்லடைவை வெளியிட்டதும் இதே பல்கலைக்கழகச் சூழலில்தான். பழந்தமிழ்ச் சொல்லடைவும் மலையாளத் தாவரப் பெயரும் ஒரே ஊரில் தொகுக்கப்பட்டும், நெய்தல் தாவரங்களைப் பொறுத்தவரை அவ்விரண்டையும் இணைக்கும் பணி எஞ்சியுள்ளது.

குளம்பும் உவமையும்

அடும்பின் இலை நுனியில் இரண்டாகப் பிளவுபட்டது. குறுந்தொகையின் 243ஆம் பாடலில் நம்பி குட்டுவன் இதனை மானின் குளம்புக்கு ஒப்பிடுகிறார். குட்டுவன் என்பது சேர மரபுப் பெயராதல் கருதத்தக்கது. லின்னேயஸ் 1753இல் இச்செடிக்கு வழங்கிய பெயரின் இரண்டாம் உறுப்பு ஆட்டின் கால் என்று பொருள்படும். தமிழ் வழக்கில் ஆட்டுக்கால், குதிரைக்குளம்பு என்னும் பெயர்களும் உண்டு. மான், ஆடு இரண்டும் பிளவுபட்ட குளம்புடையன. குதிரைக்கு அத்தகைய பிளவில்லை. அங்கு ஒப்புமை இலையின் புறவடிவைப் பற்றியது. எனவே சங்கப் பாடலை மொழிபெயர்ப்போர் அறிவியற்பெயரின் செல்வாக்கால் மானை ஆடாக மாற்றுவது பிழையாகும். செடியைப் பொதுப்படக் கொடி என்று மட்டும் பெயர்ப்பதும் நிறைவு தராது. தேர் அறுத்ததும் ஆமை சிதைத்ததும் கடலை அடுத்த மணற்கொடி என்பது புலப்பட்டாலன்றிப் பாடலின் களம் விளங்காது.

கலைச்சொல்லும் காலமும்

டென்மார்க்கைச் சேர்ந்த யூஜெனியஸ் வார்மிங் 1895இல் வெளியிட்ட நூலின் தலைப்பு, தாவரம், சமுதாயம் என்னும் பொருள்தரும் இரு டேனிய சொற்களின் தொகை. 1896இல் ஜெர்மனிலும் 1909இல் விரிவுற்று ஆங்கிலத்திலும் அது வெளிவந்தது. தாவரங்களைக் குழுமமாக நோக்கும் முறை இம்மொழிபெயர்ப்புகளால் பரவியது. அமெரிக்காவில் ஹென்றி சாண்ட்லர் கோல்ஸ் மிச்சிகன் ஏரிக்கரையின் மணல்மேடுகளை ஆராய்ந்து 1899இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஏரியின் நீர்மட்டம் படிப்படியாகத் தாழ்ந்ததால் அங்கே புதிய மேடுகள் முன்னும் பழையவை பின்னுமாக அமைந்திருந்தன. ஆகவே நீர்விளிம்பிலிருந்து உள்நோக்கி நடப்பது காலத்தில் பின்னோக்கி நடப்பதற்கு ஒப்பாயிற்று. பிரெடெரிக் கிளெமென்ட்ஸ் 1916இல் இம்மாற்றத்தை உயிரியின் வளர்ச்சிக்கு ஒப்பிட்டு, ஓர் உச்சநிலையை நோக்கிச் செல்வதாக விளக்கினார்.

தமிழ்ப் பாடநூல்களில் வழங்கும் தாவர வழிமுறை வளர்ச்சி, முன்னோடித் தாவரங்கள், உச்சக் குழுமம் என்னும் கலைச்சொற்கள் இக்கருத்தை ஒட்டியவை. ஆங்கில மூலச்சொல் ஒன்றன்பின் ஒன்று வருதலை மட்டுமே குறிக்கும். தமிழாக்கத்திலுள்ள வளர்ச்சி என்னும் சொல்லோ முன்னேற்றத்தையும் உடன் கூறுகிறது. 1977இல் கானலும் சிலாட்டியரும் காட்டியபடி, முன்வந்த செடி பின்வருவதற்கு உதவலாம்; உதவாதிருக்கலாம்; தடுக்கவும் செய்யலாம்.

திருவனந்தபுரக் கரைக்கு வளர்ச்சி என்னும் சொல் பொருந்துவதில்லை. இங்கு அடும்பு, தாழை, புன்னை என்னும் வரிசை முதன்மையாக உப்பும் காற்றும் மணலும் உள்நோக்கிக் குறைந்து செல்வதால் அமைவது. பருவக்காற்று வலுத்த ஆண்டில் முன்வரிசை அழிந்து மீண்டும் அடும்பிலிருந்தே தொடங்கும். முன்னோக்கியும் பின்னோக்கியும் நிகழும் இம்மாற்றத்தைக் குறிக்க, தாவரத் தொடர்மாற்றம் என்பது போன்ற நடுநிலைச் சொல்லே ஏற்புடையது.

முடிவுரை

2017இல் ஒக்கிப் புயலும் 2021இல் டவ்தே புயலும் இக்கரையைத் தாக்கின. சங்குமுகத்தில் கடற்கரைச் சாலையே அரிக்கப்பட்டது. 2022இல் விழிஞ்ஞம் துறைமுகப் பணியை எதிர்த்து மீனவர் நடத்திய போராட்டத்தில் கடலரிப்பு முதன்மையான முறையீடுகளுள் ஒன்றாக இருந்தது. கருங்கல் சுவர் எழுந்த இடங்களில் கடலுக்கும் சுவருக்கும் இடையே மணல் தங்க இடமில்லை. சவுக்கு நட்ட இடங்களில் அதன் சருகு தரையை மூட, அடும்பு படர்வது குறைகிறது. முன்வரிசை அழிந்தபின் பின்வரிசைகள் உப்புக் காற்றை நேரே ஏற்க வேண்டியதாகிறது.

செடி அழிந்தாலும் அகராதியில் அதன் பெயர் நிற்கும். ஆனால் ஒருவகைக் கொடி, ஒருவகை மரம் என்னும் விளக்கத்தோடு மட்டும் நிற்கும். ஞாழலுக்கு அதுவே நேர்ந்தது. அடம்பு, எலிமுள்ளு, கைத, கண்டல் முதலிய பெயர்களை, எந்த வரிசையில் எந்தப் பருவத்தில் எச்செடிக்கு வழங்குவது என்னும் குறிப்போடு, பொழியூரின் இருபுறமும் மீனவரிடமிருந்து தொகுப்பதற்கு இன்னும் வாய்ப்புள்ளது. செடியைச் சுட்டிக்காட்டிப் பெயர் சொல்லக்கூடிய மணல் எஞ்சியிருக்கும் காலத்தில்தான் அது இயலும். அறிவிக்கைகளை மொழிபெயர்ப்போர் மணற்குன்று என்று எழுதுமிடத்தில் இடுமணல் மேடு என்றாவது விளக்கம் சேர்ப்பின், உயரமில்லாத எக்கரும் அச்சொல்லுள் அடங்கும்.